எல்லாரும் மொசில்லாதான்

அடிமட்டம் வைத்து வாசிக்கிற ஆளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடு போடுகிற ஒரு அடி நீள மர அடிமட்டம். அதை வரிக்குக் கீழே வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் வாசிப்பார். வரி முடிந்த பிறகுதான் அடிமட்டம் கீழே இறங்கும். நடுவில் நீங்கள் கூப்பிட்டால் நிமிரமாட்டார். தொலைபேசி அடித்தாலும் நிமிரமாட்டார். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும், வரி முடியட்டும் என்றுதான் இருந்திருப்பார்.

கடையில் எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பாடம் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. கண்டியில் கொஞ்சம் படித்த பெண் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும், மிஸ்தான். சொந்தப் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "பேரை வச்சு என்னத்தை அறியப் போறீங்கள், அண்ணை?" என்று கேட்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக்குத் தப்பி, குண்டசாலையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைக்காரன் என்பதால் முதல் நாளே என்னை அண்ணை ஆக்கிவிட்டார். நானும் மறுக்கவில்லை.

என் கடை கட்டுக்கலையில், பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்தது. நாலு கம்ப்யூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், வெளிநாட்டுக்குப் பேச இரண்டு கண்ணாடிக் கூண்டு. யுத்தம் நடந்த வருடங்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாத தமிழ் வீடு குறைவு, ஆகவே கூண்டு இரண்டும் காலியாக இருந்ததே இல்லை. அந்தத் தைரியத்தில் நான் ஒரு இணையத்தளம் தொடங்கினேன். மரண அறிவித்தல், கல்யாண அறிவித்தல் போடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆறு மாதத்துக்குள் காணாமல் போனவர்களைத் தேடும் அறிவித்தல்கள்தான் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு போட்டோ, கீழே நாலு வரி. தொலைபேசி எண் போடமாட்டோம். போட்ட ஒரு தடவை மூன்று பேர் அழைத்து, மூன்று பேரும் "அம்மா, நான்தான்" என்றார்கள். மூன்றும் பொய். அதன் பிறகு பக்கத்தின் அடியில் ஒரு பெட்டியை வைத்து, எழுத வேண்டியதை அதிலே எழுதுங்கள் என்று விட்டுவிட்டோம்.

தளத்தைக் கட்டிக் காத்தது மிஸ்தான். நான் வெறும் முதலாளி.

ஒருவர் எங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, அவருடைய கம்ப்யூட்டர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரும். தான் எந்தப் பிரவுசர், எந்த மாதிரி மெஷின், அதில் ஓடுவது வின்டோஸா வேறு ஏதுமா என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் இருக்கும். எந்த நாட்டில் இருந்து, எப்போது, எந்தப் பக்கத்துக்கு வந்தது என்பதை எங்கள் தளமே அதன் ஓரத்தில் குறித்துக்கொள்ளும். மிஸ் அந்த வரிகளைத் தினமும் இறக்கி, ஓரத்தில் பொத்தல் போட்ட நீளத் தாளில் பிரிண்ட் எடுத்து, அடிமட்டம் வைத்து வாசிப்பார். முதல் தடவை எட்டிப் பார்த்த எனக்கு ஒரே வியப்பு. எல்லா வரியும் ஒரே சொல்லில் தொடங்கியது.

"என்னங்க மிஸ் இது, எல்லாரும் மொசில்லாங்கிறாங்க?"

"ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். அது முந்தி வந்த ஒரு பிரவுசரின்ரை பேர், அந்தக் காலத்திலை அந்தப் பேருக்குத்தான் நல்ல பக்கத்தைக் காட்டுவினம். பிறகு வந்ததெல்லாம் தங்களையும் உள்ளுக்கு விடவேணுமெண்டு அதே பேரைச் சொல்லத் தொடங்கீட்டுது. செக்பொயின்ரிலை நாங்கள் சிங்களத்திலை கதைக்கிறமெல்லே, அது மாதிரி."

"அப்ப உண்மை எப்பிடித் தெரியும்?"

"முடியும் மட்டும் வாசிக்க வேணும், அண்ணை. உண்மை வாலிலைதான் கிடக்கும்."

முடியும் மட்டும் வாசிக்க வேணும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லியிருப்பார். மருந்துப் போத்தலின் லேபிளை அடி வரைக்கும் வாசிப்பார். மீன் அடைத்த மாலு பாண் சுற்றி வந்த பழைய பேப்பரை விரித்து, எண்ணெய் படிந்த இடத்தையும் வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பார். பஸ்ஸின் பெயர்ப் பலகையில் இருக்கிற ஊரையெல்லாம் வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்ட நாளும் உண்டு. எனக்கோ எதையும் பாதியில் பிடித்துக்கொண்டு ஓடுகிற சுபாவம். அவரோடு வேலை செய்வது சில நாளில் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கும்.

ஆனால் அந்த வரிகளில் இருந்து அவர் ஆட்களை எழுப்பிக் கொண்டுவருவதைப் பார்க்க வேண்டும். ஒரு கொப்பி வைத்திருந்தார். அதில் வந்து போகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர். 'ரொறன்ரோ மாமி' பழைய வின்டோஸில் விடிகாலையில் வந்து மரண அறிவித்தல் மட்டும் பார்ப்பார். 'நோர்வேத் தம்பி' யாருமே பாவிக்காத ஒபேரா பிரவுசரில் வருவார். "அண்ணை, ரொறன்ரோ மாமி புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டா!" என்று ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னார். சொந்தச் சித்தி வீடு கட்டிய மாதிரிப் பூரிப்பு. அந்த மாமியின் முகம் கறுப்பா சிவப்பா என்று எங்களுக்குத் தெரியாது. மாமிதானா என்பதுகூட நிச்சயமில்லை. கேட்டால், "வரி மெஷினைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. மாமி எண்டது என்ரை ஆசை" என்பார். தெரிந்தது எது, தான் சேர்த்தது எது என்பதில் அவ்வளவு கறார்.

பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மா ஒருவர் எங்களிடம் வந்தது அந்த நாட்களில்தான். ஒரே மகன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவன், "வெளிநாடு போறேன், போய்ச் சேந்ததும் எழுதுறேன்" என்று கடைசியாக ஒரு கடிதம் போட்டிருந்தான். அதன் பிறகு மலைநாட்டில் கலவரம் மூண்டது. பக்கத்து லயம், தோட்டத்து ஆட்கள் இருக்கிற வரிசை வீடுகள், எரிந்த அன்று உடுத்திய சேலையோடு இறங்கியவர், மறுபடி அங்கே குடி போகவில்லை. குண்டசாலையில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மகன் எங்கே என்று அம்மாவுக்குத் தெரியாது. மகன் எழுதினாலும் அது வந்து சேர அம்மா அந்தப் பழைய விலாசத்தில் இல்லை. இரண்டு பேருமே ஒருவருக்கு ஒருவர் தொலைந்து போயிருந்தார்கள்.

மகனின் பெயரை ஆங்கில எழுத்தில் தலைப்பாகவும் தமிழில் நாலு வரியும் போட்டு, அடையாள அட்டைக்கு எடுத்த அவன் போட்டோவோடு பக்கத்தை ஏற்றினோம். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கு வந்துவிட்டு, விபூதியோடு கடைக்கு வருவார். வாசல் ஓரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"யாராச்சும் பாத்தாங்களா சாமி?"

மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் வங்கிக்குப் போயிருந்தார். அம்மா வந்து கேட்டதும் நான் மேசையில் கிடந்த தாளைப் புரட்டினேன். அந்தப் பையனின் பக்கத்தை அமெரிக்காவில் இருந்து ஒருவர் தினமும் திறந்திருக்கிறார்! மொசில்லா என்று போட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா! அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் ஒங்க மகன் போட்டோவ நெதமும் பாக்குறாரு!"

அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். என்னைத்தான் கும்பிட்டார். திரும்பக் கோயிலுக்கு ஓடி அர்ச்சனை செய்து, எங்கிருந்தோ சர்க்கரைப் பொங்கலும் வாங்கி வந்து கடையில் இருந்த எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

மிஸ் வந்து, பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டே அடிமட்டத்தை எடுத்தார். வரியின் வால் வரைக்கும் போனார். பொங்கலைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, இது ஆளில்லை. இணையத்திலை தேடிக் குடுக்கிற கொம்பனிக்காரர் ஊர் ஊராப் பக்கங்களைப் பாத்துப் பதிய அனுப்பிற ரோபோ. கடைசியிலை தன்ரை வாயாலையே சொல்லியிருக்கு, பாருங்கோ."

பார்த்தேன். சொல்லித்தான் இருந்தது. வரியின் பாதியோடு நான் எழுந்து ஓடியிருந்தேன். வெட்கத்தில், "அடுத்த வெள்ளிக்கெழம வரட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றேன்.

"ஒரு கிழமைக்கு அந்த மனிசி பொய்யைச் சுமக்கிறதே? நீங்கள் சொன்னது, நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும். நானும் வாறன்."

பின்னேரம் பஸ் ஏறினோம். நகரத்தில் குண்டு வெடித்த பிறகு வந்த சோதனைச் சாவடிகள் அப்போதும் அப்படியே இருந்தன. பாலத்துக்குக் கிட்ட எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என்னை விட்டுவிட்டார்கள். மிஸ்ஸின் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் அந்த இளம் சிப்பாய் அவரை ஓரமாக நிற்கச் சொன்னான். மிஸ் குரலை உயர்த்தாமல், வங்கியில் படிவம் நிரப்பச் சொல்கிற மாதிரி, "மாத்தயா, இவர வெனகம் கியவன்ன" என்றார். ஐயா, முடியும் வரைக்கும் வாசியுங்கள் என்று அர்த்தம். எனக்குக் கடையில் தினமும் சொல்வதை ராணுவத்துக்குச் சிங்களத்தில் சொல்கிறார்!

அவன் முறைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அட்டையைத் திரும்பத் தூக்கி வாசித்தான். விலாசம் குண்டசாலை, தொழில் கம்ப்யூட்டர் இயக்குநர். முகம் மாறியது. தன் தங்கைக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஆசை, எங்கே படிக்கலாம் என்று கேட்டான். மிஸ் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நகர்ந்ததும் மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒரு விஷயம் சொன்னார். அவருடைய தமையனை ஒரு பட்டியலில் பெயர் இருப்பதாகப் பிடித்துக்கொண்டு போனார்களாம். பெயர் மட்டும்தான் ஒன்று. அதே வரியின் கடைசியில் தகப்பன் பெயர் வேறாக இருந்தது. யாரும் அதுவரைக்கும் வாசிக்கவில்லை. வாசிக்கிற ஒரு ஆள் வந்து சேரப் பதினொரு மாதம் எடுத்தது. "வந்திட்டார். காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். ஆனா வந்திட்டார்" என்றார். அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அவர் தன் வீட்டுக் கதை சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா சமையல் செய்கிற வீட்டின் பின்பக்கம் போய் நின்றோம். எப்படியோ சொல்லி முடித்தேன். அது மனிதர் இல்லை, மெஷின். எல்லாப் பக்கத்தையும் பார்க்கிற மாதிரி இதையும் பார்த்திருக்கிறது. என் அவசரம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மா கையில் இருந்த தேங்காயைத் துருவுபலகை மேல் வைத்தார்.

"மெசினுங்களா?" என்றார். "சரிங்க சாமி. மெசினாவது எம்புள்ளைய நெதமும் பாக்குதே."

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மிஸ், பையனின் பக்கம் ஏற்றிய நாளில் இருந்து வந்த தாள்களையெல்லாம் அலுமாரியில் இருந்து இறக்கினார். மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை. போட்டோகொப்பி எடுக்க வந்தவர்களை நான் சமாளித்தேன். ரோபோக்களை ஒவ்வொன்றாகச் சிவப்புப் பேனையால் வெட்டினார். எங்கள் கடையில் இருந்து நாங்களே பார்த்ததை வெட்டினார். கடைசியில் வெட்டாமல் மிஞ்சியது ஒரே ஒரு மெஷின். இத்தாலியில் இருந்து, எட்டு மாதமாக, வியாழக்கிழமைகளில் மட்டும் வந்திருந்தது. வேறு எந்தப் பக்கத்தையும் தொடாமல் நேராக இந்தப் பக்கத்தை மட்டும் திறந்திருந்தது. கொப்பியில் 'வியாழக்கிழமை ஆள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். "மொசில்லா... எக்ஸ்புளோரர் அஞ்சு... நம்ம கடையில இருக்கிறது மாதிரிதானே மிஸ்? அந்தாளுக்கும் நம்ம பக்கம் கண்ணுக்கு நல்லாவே தெரியும். மகனா இருந்தா இத்தன மாசத்துல எழுதியிருக்க மாட்டானா? யாரோ பொழுதுபோகாம பாக்குறாங்க."

மிஸ் அடிமட்டத்தால் என் விரலை மெல்லத் தட்டினார்.

"பிறகும் பாதியிலை நிப்பாட்டிறீங்கள். கடைசிச் சொல்லை வாசியுங்கோ."

கடைசிச் சொல் மெக் என்றது, வின்டோஸ் ஓடாத ஆப்பிள் கம்ப்யூட்டர்.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. எங்கள் பக்கத்தைத் திறந்தால் எழுத்தும் கூடவே இறங்கித் தானாகப் பொருந்திக்கொள்ள மிஸ் ஒரு வழி செய்திருந்தார். கடையில் இருந்த நாலு கம்ப்யூட்டரிலும் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த வழி வின்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும். பெயர் ஒன்றாக இருந்தாலும், மெக்கில் ஓடுகிற எக்ஸ்புளோரருக்கு அது எட்டாது.

நகரத்தில் விளம்பரம் வடிவமைக்கிற ஒருவரிடம் ஒரு மெக் இருந்தது. கெஞ்சிக் கேட்டு அதில் எங்கள் பக்கத்தைத் திறந்தோம். மேலே ஆங்கிலத்தில் பையனின் பெயர். கீழே அவன் போட்டோ, நேராகக் கேமராவைப் பார்த்தபடி. அதற்குக் கீழே தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியும். எழுதச் சொல்லி நாங்கள் வைத்த பெட்டிக்கு மேலேயும் அதே குப்பை.

மிஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"எட்டு மாசமா இதைத்தான் பாத்துக்கொண்டிருக்கு, அண்ணை. பேரும் போட்டோவும். கீழை என்ன கிடக்கெண்டு தெரியாம, மாறியிருக்குமோ எண்டு ஒவ்வொரு கிழமையும் வந்து பாத்திருக்கு."

"நாட்டு நெலமைக்கு, பொலிஸ் தேடுதுன்னுகூட நெனச்சிருக்கலாம்" என்றேன். அடையாள அட்டைப் போட்டோவைப் போட்டு அப்படி ஒரு பக்கம் செய்தவன் நான்தான். "அம்மாகிட்டச் சொல்லுவோமா?" என்று கேட்ட வாயை உடனே மூடிக்கொண்டேன்.

"இல்லை. எங்களுக்கு மெஷினைத்தான் தெரியும்."

வெள்ளிக்கிழமை அம்மா வந்தபோது மிஸ் ஒரு வெள்ளைத் தாளும் தடித்த பேனையும் கொடுத்தார். மகனுக்குத் தன் கையால் எழுத வேண்டும், அதைப் போட்டோ மாதிரி ஏற்றுவோம் என்று மட்டும் சொன்னார். படத்துக்கு எந்த எழுத்தும் தேவையில்லை, எந்த மெஷினிலும் தெரியும்.

"என்ன எழுதுறதுங்க மிஸ்ஸு?"

"நீங்கள் சுகமா இருக்கிறதை எழுதுங்கோ. எங்கை இருக்கிறீங்கள் எண்டு எழுதுங்கோ. மிச்சம் உங்கட விருப்பம்."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவர். ஒரு மணித்தியாலம் எடுத்தார். 'தம்பி அம்மா நல்லா இருக்கேன். லயத்துல இல்ல. கண்டிப் பக்கம் ஒரு வீட்டுல சமைக்கிறேன். எங்க இருந்தாலும் எழுது. கோழிய வித்துட்டேன் கோவிச்சுக்காத.'

"கோழி எதுக்கு மிஸ்? அந்த வரிய வெட்டிட்டா படம் சின்னதாகும், சீக்கிரம் தெறக்கும்" என்றேன்.

"அது கடைசி வரி. கிடக்கட்டும்" என்றார் மிஸ்.

புதன்கிழமைக்குள் ஒரு சின்னக் கட்டளையும் எழுதி முடித்தார். வருகிறவர்கள் சொல்லும் வரியைக் கம்ப்யூட்டர் வால் வரைக்கும் பார்க்கும். எங்கள் எழுத்துத் தெரியாத மெஷின் என்றால், தமிழ் வரிகளுக்குப் பதில் அம்மாவின் கையெழுத்துப் படத்தைக் கொடுக்கும். பெட்டிக்கு மேலே ஆங்கில எழுத்தில், இங்கே எழுதவும் என்று இருக்கும். இத்தனை நாளும் அந்த வரிகளை அவர் வாசிப்பது ஒற்றர் வேலை மாதிரி எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருந்தது. அன்றுதான் கேட்டேன். "ஆளைப் பிடிக்கிறதுக்கு இல்லை, அண்ணை. அவைக்குத் தெரியிற மாதிரிக் குடுக்கிறதுக்கு" என்றார். மிஸ் இப்போது எந்த நாட்டில், எந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கிறாரோ தெரியாது. இதைச் சொன்ன முகம் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை ஆள் வந்தார். வெள்ளி காலை தாளைப் பார்த்தால், அதே வரி ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினாலு தடவை. படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார். பெட்டியில் ஒரு எழுத்தும் இல்லை. அம்மா வந்தார், வழக்கமான கேள்வியைக் கேட்டார், போனார். மிஸ் அந்தத் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பதினாலு தடவ பாத்தவன் ஒரு சொல்லு எழுதக்கூடாதா!" என்று போட்டோகொப்பி மெஷினோடு சண்டை பிடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா நேரத்தோடு வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். மிஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு செய்தி இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். முதல் வரியைப் பார்த்ததும் நான் துள்ளி எழுந்தேன். 'அம்மா, நான்தான்.'

என் தோளில் அடிமட்டம் விழுந்தது. மிஸ் என்னை அழுத்தி உட்கார வைத்தார்.

"அதை எல்லாரும் சொல்லுவினம்" என்றார் மெல்லிய குரலில். "முடியும் மட்டும் வாசியுங்கோ."

வாய்க்குள்ளேயே வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் வாசித்ததில்லை.

'அம்மா, நான்தான். உன் எழுத்துத் தெரியுது. என் பேரப் போட்டுத் தேடினதுல இந்தப் பக்கம் வந்துச்சு, ஆனா இவ்வளவு நாளா என் போட்டோ மட்டும்தான் தெரிஞ்சிச்சு. பொலிஸ்ல தேடுறாங்கன்னு பயந்துட்டேன். பழைய விலாசத்துக்கு எழுதினது ரெண்டும் திரும்பி வந்திருச்சு. போன கெழமையே எழுதப் பாத்தேன், எழுதி எழுதி அழிச்சதுல நேரம் போயிருச்சு. இங்க ஒரு வயசானவரப் பாத்துக்குற வேல. வியாழக்கெழம பின்னேரம் லீவு. சர்ச்சுல கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க, அங்க வந்துதான் பாக்குறேன். எந்தக் கோழியம்மா வித்த? ஒத்தக்கண்ணியவா?'

அம்மா எழுதிய கடிதத்தில் கோழி என்றுதான் இருந்தது. கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் திரும்பி, ஏதோ சும்மா கேட்கிற மாதிரி வாங்குப் பக்கம் கேட்டார்.

"அம்மா, வித்தது எந்தக் கோழி?"

"அதுங்களா மிஸ்ஸு? ஒத்தக்கண்ணுக் கோழிங்க. குஞ்சா இருக்கையில காக்கா கொத்திருச்சு. அவன்தான் மஞ்சளப் பூசி, சட்டப் பைக்குள்ள வச்சுக் காப்பாத்துனான். லயத்த விட்டு எறங்கையில அத மட்டும் கையில தூக்கிட்டு வந்து, வழியில ஒரு வீட்டுல வித்துட்டேன். அதான் கோவிப்பானோன்னு..." அம்மா நிறுத்தினார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க?"

மிஸ் அடிமட்டத்தை என் தோளில் இருந்து எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இப்ப சொல்லுங்கோ, அண்ணை."